பன்னிரண்டு கிராம் எங்கே போயிற்று?

ஒரு கோழிமுட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏறக்குறைய 55 கிராம் இருக்கும். அதை இட்ட கோழி ஒரு நாளில் உண்ணும் தீவனம் ஏறக்குறைய 110 கிராம். இரண்டு பங்கு தின்று ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் முட்டையின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரைக் கோழி தனியாகக் குடித்துக்கொள்கிறது. ஆகவே எடைக்கு எடை ஒப்பிடுவது சரியான கணக்காகாது.

புரதத்தை மட்டும் எடைபோட்டுப் பார்ப்போம். பண்ணைகளில் முட்டைக்கோழிக்குக் கொடுக்கும் தீவனத்தில் நூற்றுக்குப் பதினேழு பங்கு அளவில் புரதம் இருக்கும். 110 கிராம் தீவனத்தில் அது 18.7 கிராம். முட்டைக்குள் வந்து சேர்ந்த புரதமோ ஆறரை கிராம்தான். மீதிப் பன்னிரண்டு கிராம் எங்கே போயிற்று?

இது பொழுதுபோக்குப் புதிர் அன்று. தமிழ்நாட்டில் நாமக்கல் வட்டாரம் முட்டைக்குப் பெயர் பெற்றது. நம் பள்ளிச் சத்துணவில் வேகவைத்துக் கொடுக்கும் முட்டைகளில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. அங்குள்ள பண்ணையாளர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முட்டைக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீவனத்துக்கே போய்விடுகிறது என்பார். முட்டை ஒன்றுக்குக் கிடைக்கும் இலாபத்தைப் பைசாக் கணக்கில் எண்ணுபவர் அவர். காணாமற்போன பன்னிரண்டு கிராமில் ஒரு கிராமை மீட்டாலும் அவருக்கு அது பெரிய செய்தி.

முதலில் கோழியின் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். கூண்டில் வளரும் வெள்ளை முட்டைக்கோழி லெகார்ன் இனத்தின் வழிவந்தது. அதன் எடை ஒன்றரை கிலோதான். ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுகிறது. பெருக்கிப் பாருங்கள்: 300 முட்டை என்றால் 16.5 கிலோ. தன் எடையைப்போல் பதினோரு மடங்கை ஒரே ஆண்டில் ஈன்று தள்ளும் உயிரைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது.

புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமலே எச்சத்தோடு வெளியேறுகிறது. இன்னொரு பகுதி இறகு, தோல், குடற்சுவர் இவற்றைப் புதுப்பிக்கச் செலவாகிறது. இறகு ஏறக்குறைய முழுவதும் புரதமே என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்த இரண்டையும் கழித்த பிறகும் ஒரு பங்கு மிஞ்சுகிறது. நன்றாகச் செரித்து, இரத்தத்தில் கலந்து, அதன் பிறகும் கோழியால் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட பங்கு அது. கையில் கிடைத்த நல்ல சரக்கை ஏன் எறிய வேண்டும்?

பூக்கட்டும் அம்மாவின் கணக்கு

கோவில் வாசலில் பூக்கட்டும் அம்மா ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் நான்கு மல்லிகை, இரண்டு கனகாம்பரம், ஒரு மரிக்கொழுந்து என்பது அவர் கட்டும் மாலையின் முறை. கூடையில் மல்லிகை ஆயிரம் இருக்கிறது. கனகாம்பரம் ஐந்நூறு இருக்கிறது. மரிக்கொழுந்து மட்டும் நூறுதான் இருக்கிறது. எத்தனை கண்ணி கட்டலாம்? நூறுதான். மிஞ்சிய அறுநூறு மல்லிகையும் முந்நூறு கனகாம்பரமும் மாலைக்குள் வாடிவிடும்.

புரதம் என்பதும் இப்படிக் கட்டிய மாலையே. ஏறக்குறைய இருபது வகை அமினோ அமிலங்கள் அதன் பூக்கள். இவற்றுள் சிலவற்றைக் கோழியின் உடல் தானே செய்துகொள்ளும். மற்றவை தீவனத்தில் வந்தால்தான் உண்டு. முட்டைப் புரதத்தின் மாலை முறை மாறாதது. ஒரு பூ குறைந்தால் அதற்குப் பதில் வேறொன்றை வைத்துக் கட்ட வழியில்லை. மிஞ்சும் அமினோ அமிலங்களை நாளைக்கென்று எடுத்துவைக்கக் கொழுப்புக்கு இருப்பது போன்ற கிடங்கும் உடலில் கிடையாது. ஆகவே அவை உடைக்கப்பட்டு எரிபொருளாகிவிடுகின்றன. அவற்றிலிருந்த நைட்ரஜன் யூரிக் அமிலமாக மாறி வெளியேறுகிறது.

கோழி எச்சத்தின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசினாற்போல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சுண்ணாம்பு அன்று, யூரிக் அமிலம். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது அம்மோனியா எழுகிறது. பண்ணைக்குள் நுழைந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். பண்ணையாளர் காசு கொடுத்து வாங்கிய புரதத்தின் ஒரு பகுதி இப்படிக் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது.

நம் நாட்டுப் பண்ணைத் தீவனத்தின் இரண்டு பெரிய தூண்கள் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. சோயாவில் அது நிறைய உண்டு. ஆனால் மெத்தியோனைன் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்கிறது. (இட்லிக்கு அரிசியோடு உளுந்தைச் சேர்த்து அரைக்கும்போது உங்கள் வீட்டிலும் இதே வேலைதான் நடக்கிறது. தானியமும் பருப்பும் சேர்ந்த உணவு உலகெங்கும் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.) இருந்தாலும் சோளமும் சோயாவும் சேர்ந்த கலவையில் முதலில் தீர்ந்துபோகும் மரிக்கொழுந்து மெத்தியோனைனே. இறகுக்கும் அது நிறைய வேண்டும், முட்டைக்கும் நிறைய வேண்டும்.

பற்றாக்குறையைத் தீர்க்க ஒரு வழி சோயாவை மேலும் மேலும் கொட்டுவது. அது மரிக்கொழுந்துக்காக மூன்று பூவும் கலந்த கூடைகளையே திரும்பத் திரும்ப வாங்குவதற்கு ஒப்பாகும். மரிக்கொழுந்து போதுமான அளவு சேர்வதற்குள் மல்லிகை மலைபோல் குவிந்துவிடும். இன்னொரு வழி, மெத்தியோனைனை மட்டும் தொழிற்சாலையில் தயாரித்துச் சேர்ப்பது. ஒரு டன் தீவனத்துக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ போதும். அப்படிச் சேர்த்தால் தீவனத்தின் மொத்தப் புரதத்தைக் குறைத்தாலும் முட்டை குறைவதில்லை.

இதனால் எவ்வளவு மிச்சம்? தீவனத்தின் புரதத்தை நூற்றுக்கு ஒரு பங்கு குறைத்தால் ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 1.1 கிராம் புரதம் குறையும். புரதத்தின் எடையை 6.25 ஆல் வகுத்தால் அதிலுள்ள நைட்ரஜன் கிடைக்கும். 1.1 கிராமுக்கு அது 0.176 கிராம். பத்தாயிரம் கோழிகள் உள்ள பண்ணையில் நாள்தோறும் 1.76 கிலோ. நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த யூரியா உரத்தில் இருக்கும் நைட்ரஜன் அவ்வளவுதான்.

நம் கிராமத்துப் பெண்கள் இந்த மரிக்கொழுந்தை வேறுவிதமாகக் கண்டுபிடித்திருந்தார்கள். பழைய பானைக்குள் ஈரமான வைக்கோலும் சாணமும் அடைத்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்குக் கொட்டுவார்கள். தானியத்தை மட்டும் தின்ற குஞ்சைவிடக் கறையான் தின்ற குஞ்சு விரைவில் தேறும். பூச்சியின் உடற்புரதம் தானியப் புரதத்தைவிடக் கோழிக்குப் பொருத்தமானது. அமினோ அமிலம் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே அவர்கள் கண்டறிந்த உண்மை அது.

எரிபொருளே அளவுகோல்

கோழி எப்போது தின்பதை நிறுத்தும்? வயிறு நிறைந்தவுடன் என்பீர்கள். அதைவிட, அன்றைக்கு வேண்டிய எரிசக்தி கிடைத்தவுடன் என்பதே உண்மைக்கு நெருக்கம். சோளமும் எண்ணெயும் மிகுந்த தீவனத்தைக் கொடுத்தால் கோழி குறைவாகத் தின்று நிறுத்திக்கொள்ளும். அதனால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும்கூடக் குறைவாகவே உள்ளே போகும். ஆகவே நூற்றுக்கு இத்தனை பங்கு புரதம் என்று மட்டும் சொன்னால் போதாது. கோழி எவ்வளவு தின்னும் என்பதும் தெரிந்தாக வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இது பெருந்தொல்லை. தின்ற உணவு செரிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாகும். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதனால் தின்பதையே குறைத்துக்கொள்கிறது. 110 கிராம் தின்ற கோழி 95 கிராமோடு நிறுத்தினால், பழைய 18.7 கிராம் புரதம் கிடைக்கத் தீவனத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு புரதம் வேண்டும்? கணக்கிடுங்கள். ஏறக்குறைய இருபது என்று வரும். கோடைக்குத் தனித் தீவனம் கலப்பதன் காரணம் இதுதான்.

கலக்கும் கணக்கும் கடினமானதன்று. மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 9, சோயாப் புண்ணாக்கில் 45 பங்கு புரதம் என்று கொள்வோம். 18 வேண்டும். 45இலிருந்து 18ஐக் கழித்தால் 27. அது சோளத்தின் பங்கு. 18இலிருந்து 9ஐக் கழித்தால் 9. அது சோயாவின் பங்கு. அதாவது மூன்றுக்கு ஒன்று. சரிபாருங்கள்: மூன்று கிலோ சோளத்தில் 270 கிராம், ஒரு கிலோ சோயாவில் 450 கிராம், ஆக நாலு கிலோவில் 720 கிராம். சரிதானே? மெய்யான தீவனத்தில் தவிடு, எண்ணெய் எடுத்த புண்ணாக்குகள், சுண்ணாம்புக்கல், உப்பு எனப் பல பொருள்கள் சேரும். ஒவ்வொன்றின் விலையும் வாரத்துக்கு வாரம் மாறும். எல்லாச் சத்துகளும் குறையாமல், விலை மட்டும் மிகக் குறைவாக இருக்கும் கலவையைக் காண ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் வகுத்த நேரியல் திட்டமிடல் முறை உதவுகிறது. இன்று கணிப்பொறி அதை நொடியில் செய்து முடிக்கிறது.

இரவில் கட்டும் சுவர்

முட்டை ஓடு ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் உடல் முழுவதிலும் உள்ள கால்சியமே சுமார் 20 கிராம்தான். பத்தில் ஒரு பங்கை அன்றாடம் தானம் செய்கிறது என்றால் வியப்பாக இல்லையா? ஓடு கட்டும் வேலைக்கு இருபது மணி நேரம்வரை ஆகிறது. அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. கோழியோ இரவில் தின்பதில்லை. அந்த நேரத்துக்கு உதவவென்றே முட்டையிடும் பறவைகளின் கால் எலும்புக்குள் பஞ்சுபோன்ற ஒரு தனி எலும்பு வளர்ந்து கால்சியத்தைச் சேமித்துவைக்கிறது. அந்தச் சேமிப்பிலிருந்து அடிக்கடி எடுக்க நேர்ந்தால் எலும்பு நலியும், ஓடும் மெலியும். மெலிந்த ஓடு வண்டியில் ஏறும்போதே விரிசல்விடும். முட்டை உடைந்தால் அதற்குள் போன தீவனமும் வீண்தானே!

இதற்குப் பரிகாரம் எளியது. சுண்ணாம்புக்கல்லை மாவாக மட்டும் கொடுக்காமல் ஒரு பங்கைக் குறுணையாக, இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் அளவில் கொடுப்பார்கள். அல்லது கிளிஞ்சல் துண்டுகளைப் போடுவார்கள். மாவு விரைவில் கரைந்து போய்விடும். குறுணையோ அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். சத்தின் அளவில் மாற்றமில்லை. கரையும் வேகத்தில்தான் மாற்றம்.

அளவு மிகச் சிறிதாயினும் இன்றியமையாத சத்துகளும் உண்டு. அதை உலகுக்கு முதலில் காட்டியதே கோழிகள்தாம். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில், டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரெனக் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே நோய் நீங்கியது. விசாரித்தபோது காரணம் தெரிந்தது. இடையில் சில காலம் இராணுவ மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு உணவாகியிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவச் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். கோழிகளும் பிழைத்துக்கொண்டன!

அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே எய்க்மான் முதலில் கருதினார். நஞ்சு எதுவும் இல்லை, தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒரு பொருள்தான் குறைகிறது என்று 1901இல் விளக்கியவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். 1926இல் யான்சனும் டோனாத்தும் அரிசித் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். இன்று வைட்டமின் பி1 என்று நாம் படிப்பது அதுதான். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சமையற்காரரின் பெயரை அதிகம் பேர் அறியார்.

இவ்வளவு நுட்பமாகக் கலந்த தீவனமும் கோழியின் வாய்க்குள் போனால்தான் பயன். கோழி அலகால் கிளறித் தின்னும் பழக்கமுடையது. தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் வெளியே சிந்தும். அதனால் தொட்டியில் மூன்றிலொரு பங்கு மட்டுமே தீவனம் போடுவார்கள். பத்தாயிரம் கோழிகள் உள்ள பண்ணையில் ஒவ்வொரு கோழியும் நாளொன்றுக்கு ஐந்து கிராம் சிந்தினால், ஐம்பது கிலோ மூட்டை ஒன்று தீர எத்தனை நாள் ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு அந்த மூட்டையில் எத்தனை முட்டைக்கான தீவனம் இருந்தது என்பதையும் கண்டுபிடியுங்கள்.