மரத்தின் தாகம்

மகாராஷ்டிராவில் சோலாப்பூர் என்ற மாவட்டம் உள்ளது. அங்கே மழை குறைவு. ஆனால் மாதுளைக்குப் பேர்போன இடம்.

"நாலு நாள் ஆச்சு, மோட்டாரைப் போடு" என்கிறோம். மரம் நாள் கணக்குப் பார்க்குமா? பார்க்காது. வெயில் நாளில் அதிகம் குடிக்கும். மேகம் மூடினால் குறைவாகக் குடிக்கும்.

இலை வாடினால் தெரியாதா? தெரியும். அதற்குள் மரம் தவித்துப் போயிருக்கும். பிறகு திடீரென்று நிறைய நீர் விட்டால் மாதுளம் பழம் வெடிக்கும். வெடித்த பழத்துக்கு விலை உண்டா? பட்ட பாடு வீண்.

தாகத்தை முன்பே காட்டும் கருவிகள் உள்ளன. இவற்றைச் சென்சார் என்கிறார்கள்.

ஒரு கருவியை அடிமரத்தில் கட்டுவார்கள். பகலில் அடிமரம் மயிரிழை அளவு சுருங்கும். இரவில் வேர் நீரை உறிஞ்சும். அடிமரம் மறுபடி பருக்கும். பருக்கவில்லையா? மரத்துக்கு நீர் போதவில்லை.

இன்னொரு கருவி இலையின் சூட்டை அளக்கும். வேர்த்தால் நம் உடம்பு குளிர்கிறது அல்லவா? இலையும் நீராவியை வெளியே விட்டுக் குளிர்கிறது. நீர் குறைந்தால் இலை தன் சிறு துளைகளை மூடிக்கொள்ளும். உடனே சூடு ஏறும்.

கருவி தாகம் என்று காட்டினாலும், வேர்ப்பக்கம் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மண் ஈரமாக இருக்கிறதா? அப்படியானால் வேரில் நோய் இருக்கலாம். நீர் விடாதீர்கள். வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.

கருவியின் விலை அதிகம்தான். எல்லா மரத்திலும் கட்ட வேண்டாம். தோட்டத்தில் சில மரங்கள் போதும். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சேர்ந்தும் வாங்கலாம்.

பேசுவோம்:
1. உங்கள் தோட்டத்தில் தண்ணீர் விடும் நாளை யார் முடிவு செய்கிறார்? எதைப் பார்த்து?
2. மாதுளம் பழம் ஏன் வெடிக்கிறது?