மரங்களுக்கு எழுத்து மூலமான மதிப்பீடு

நிலத்தின் விலை யாது என வினவினால் நமது கிராமங்களில் எவரும் தயங்காது விடையிறுப்பர். அந்நிலத்தில் நிற்கும் மரங்கள் எத்தனை, அவற்றின் வயது என்ன, காய்ப்பு எவ்வளவு என வினவினாலோ, உடையவரே விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வரப்போரத் தென்னையும், களத்துமேட்டு வேம்பும், கொல்லைப் பலாவும் குடும்பத்தின் சேமிப்பாகவே வளர்க்கப்படுகின்றன. ஆயினும் அவற்றைப் பற்றிய எழுத்துச் சான்று ஏதும் பெரும்பாலோரிடம் இல்லை.

இச்சான்று தேவைப்படும் வேளைகள் பல. பாகப்பிரிவினை ஒன்று, புயல் மற்றொன்று. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த 'தானே' புயலை நம் பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். தென்னை, பலா, முந்திரித் தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. விழுந்த மரத்தை அறுத்து அகற்றிய பின்னர், அங்கே காய்க்கும் மரம் நின்றது என்பதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? 2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல் வந்தபோதும் இதே வினா எழுந்திருக்கக்கூடும்.

எனினும் மதிப்பீட்டின் அருமை முழுமையாக வெளிப்படுவது நிலம் கையகப்படுத்தப்படும்போதுதான். விழுப்புரம்–புதுச்சேரி–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்கென நமது பிரதேசத்திலும் நிலங்கள் எடுக்கப்பட்டதை யாவரும் அறிவர். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 29ஆம் பிரிவு, மரங்களின் மதிப்பை நிர்ணயிக்க வேளாண்மை, வனம், தோட்டக்கலை, பட்டு வளர்ப்பு ஆகிய துறைகளில் அனுபவம் பெற்றோரின் உதவியைக் கலெக்டர் பெறலாம் என்கிறது. 30ஆம் பிரிவோ, நிர்ணயித்த இழப்பீட்டுத் தொகைக்குச் சமமான ஆறுதல் தொகையையும் சேர்த்து வழங்கச் சொல்கிறது. ஆகவே கணக்கில் ஒரு மரத்தின் 100 ரூபாய் விடுபட்டால் உடையவருக்கு நட்டம் 200 ரூபாயாகும். நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே ஆயினும், இழப்பீட்டைக் கணக்கிடும் முறை 2015ஆம் ஆண்டு உத்தரவினால் அதற்கும் பொருந்துவதாயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். தோப்பின் ஆண்டு வருமானத்தைப் பெருக்கி விலை காண்பதாயின் எட்டு ஆண்டு வருமானமே தக்க அளவு என்றும், அவ்வாறு கண்ட தொகையில் நிலமும் மரமும் இரண்டுமே அடங்கிவிடும் என்றும் 1995இல் அரியானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2011இல் மகாராஷ்டிர வழக்கொன்றில், மரமில்லாத வெற்று நிலத்தின் விற்பனையை ஒப்பிட்டு நிலவிலை கண்டிருந்தால், மரங்களுக்குத் தனியே விலையிட வேண்டுமெனத் தெளிவாக்கியது. உதாரணமாக, ஒரு தென்னை ஆண்டுக்கு 80 காய் தருகிறது, காய் ஒன்று 15 ரூபாய், செலவு 500 ரூபாய் எனக் கொள்வோம். நிகர வருவாய் 700 ரூபாய். எட்டால் பெருக்க 5,600 ரூபாய். ஏக்கருக்கு 70 மரமெனில் 3,92,000 ரூபாய். வில்லியனூரைச் சுற்றி அவ்விலைக்கு ஓர் ஏக்கர் எவர் தருவார்? எனவே நம் பகுதியில் நிலத்துக்கு விற்பனை விலையும், மரத்துக்குத் தனி மதிப்பும் கோருவதே பெரும்பாலும் நலம் பயக்கும். அதற்கு மரக்கணக்கு தனித்தாளில் இருந்தாக வேண்டும்.

தனி மதிப்பு என்பது மரத்தின் வயது, எஞ்சிய காய்ப்புக் காலம், உடல்நலம் ஆகியவற்றைப் பொறுத்தது. தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 மட்டைகளை உதிர்க்கும். தண்டிலுள்ள தழும்புகளை எண்ணி வயதை ஏறக்குறைய மதிக்கலாம். கொண்டையில் எத்தனை ஓலைகள், காண்டாமிருக வண்டு துளைத்ததா, அடித்தண்டில் தஞ்சை வாடல் நோயின் சாறு வடிகிறதா என்பனவும் குறிக்கப்பட வேண்டும். நோயுற்ற மரத்தை நல்ல மரமென எழுதிய ஒரே வரி, மற்றெல்லா வரிகளின் நம்பகத்தையும் கெடுத்துவிடும்.

தேக்கு, வேம்பு போன்ற வேலைமரங்களுக்குக் கணக்கு வேறு. நிற்கும் மரத்தின் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் எடுப்பர். அறுத்த கட்டையாயின் நடுச் சுற்றளவில் நான்கில் ஒரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவர். சுற்றளவு 1.20 மீட்டர், நீளம் 4 மீட்டர் எனில் 0.36 கன மீட்டர். உண்மைக் கன அளவைவிட இது ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைவு என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

தென்னைக்கும் பழமரங்களுக்கும் உழவர் உதவியகத்தையோ, குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தையோ முதலில் அணுகி வழிகேட்கலாம். வேலைமரங்களுக்கு வனத்துறையை அணுகலாம். தனியார் வல்லுநரை அமர்த்துவதாயின் அவரது கல்வித் தகுதியும் அனுபவமும் அறிக்கையிலேயே இருத்தல் வேண்டும். சர்வே எண், உட்பிரிவு, வரைபடம், வண்ணமிட்டு எண் பொறித்த மரவரிசை, கையாண்ட முறை, விலை எடுத்த சந்தை, பார்வையிட்ட தேதி, கையொப்பம் ஆகியன இல்லாத அறிக்கை வெறுங்காகிதமே. வாய்ப்பேச்சில் குழிக்கணக்கு வழங்கினாலும், பட்டாவில் உள்ளவாறு எக்டேர், ஆர், சென்டியார் என்றே எழுதச் சொல்லுங்கள்.

நமக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. நமது பிரதேசம் ஒரே தொடர்ச்சியாய் அமைந்ததன்று. சிலவிடங்களில் வரப்பைத் தாண்டினால் கடலூர் அல்லது விழுப்புரம் மாவட்டம். ஒரே குடும்பத்தின் தோப்பு இருபுறமும் கிடந்தால், அதிகாரிகள் வேறாதலின் இரண்டு பட்டியல்கள் தேவை. ஏரிக்கரைப் பனையும் புறம்போக்கு மரமும் தனியார் பட்டியலில் நுழையலாகாது; அவற்றைக் கொம்யூன் பஞ்சாயத்தே எண்ணி வைத்துக்கொள்ளட்டும். குத்தகைதாரர் நட்ட மரமாயின், நட்டவர் யார் என்பதும் குறிக்கப்படல் வேண்டும்.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி வெளியாகும் அறிவிப்பில், உரிமை கோருவோர் நேரில் வந்து விவரம் கூறவேண்டிய நாள் குறிக்கப்பட்டிருக்கும். அது அறிவிப்பு வெளியான 30 நாட்களுக்கு முன்பாகவோ ஆறு மாதங்களுக்குப் பின்பாகவோ அமையாது. அந்நாளில் அறிக்கையின் ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றொன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்க. தீர்ப்புத் தொகை குறைவெனத் தோன்றினால், தீர்ப்பு வழங்கியபோது நேரில் இருந்தவர் ஆறு வாரங்களுக்குள் 64ஆம் பிரிவின்படி மனுச் செய்யலாம். நெடுஞ்சாலை நிலமாயின் நடுவரிடம் முறையிட வேண்டும். முத்திரை பெற்ற பிரதியை அம்மனுவுடன் இணைத்திடுக.