சரக்கு லாரிக்குப் பூட்டு

ஒரு போகத்து உழைப்பு முழுவதும் ஓரிரவில் லாரியேறிச் சந்தைக்குச் செல்கிறது. மூடிய லாரியாயின், வழியில் அதற்குக் காவலாக இருப்பது பின்கதவின் பூட்டேயாகும்.

பூட்டு உறுதியாயினும் கொண்டி வலுவற்றதாயின் பயனில்லை. கொண்டியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால், திருடன் பூட்டைத் தொடாமலே கதவைத் திறந்துவிடுவான். எனவே, தலையில் வெட்டில்லாத போல்ட்டுகளை வெளியிலிருந்து செலுத்தி, உட்புறம் நட்டு வைத்து முடுக்குதல் வேண்டும். பூட்டின் வளையம் கொண்டித் துளையை நிறைக்கும் பருமனுடையதாயின், நெம்புகோல் நுழைய இடமிராது.

புழுதியும் மழைநீருமே பூட்டின் பகைவர். சாவித் துவாரம் கீழ்நோக்கியிருக்குமாறு பூட்டுதல் நன்று. சிலர் உள்ளே கிரீஸ் இடுகின்றனர். அது புழுதியைப் பற்றிச் சேறாகிப் பூட்டை இறுக்கிவிடும். பூட்டைத் துடைத்து உலர்த்தி, பென்சில் கரியாகிய கிராபைட் தூளைச் சிறிதளவு இட்டுச் சாவியைச் சிலமுறை திருப்பினால் போதும்.

நமது திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. ஆயினும், பராமரிப்பின்றி எப்பூட்டும் நிலைக்காது.

மாற்றுச் சாவியை லாரியிலேயே வைத்தல் கூடாது. பூட்டுமுன், சுமை ஏற்றியவர் எவரேனும் உள்ளே இருக்கின்றனரா எனக் குரல்கொடுத்துப் பாருங்கள். பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். முன்னது உயிரைக் காக்கும். பின்னது உடைமையைக் காக்கும்.