கொன்றையா, இயல்வாகையா?

ஈக்காட்டுத்தாங்கலில், பள்ளி வாசலில் மஞ்சளாகப் பூத்திருந்த மரத்தைக் காட்டி, "இது கொன்றை" என்று ஆறாம் வகுப்பில் சொன்னேன். மறுநாள் ஒரு மாணவி மரத்தடியில் பொறுக்கிய காயை நீட்டினாள். "கொன்றைக் காய் குழல் மாதிரி நீளமா இருக்கும்னு பாட்டி சொன்னாங்க மிஸ். இது தட்டையா, செம்பு நிறமா இருக்கே?"

அவள் சொன்னதே சரி. அது இயல்வாகை, தென்கிழக்காசியாவிலிருந்து வந்த நிழல்மரம். கொன்றைப் பூக்கள் சரமாகத் தொங்கும். இயல்வாகையின் கொத்து நிமிர்ந்து நிற்கும். கொன்றையின் சிற்றிலை உள்ளங்கை நீளம். இயல்வாகையின் சிற்றிலை புளிய இலைபோல் சிறியது.

அன்றே என் தவற்றைக் கரும்பலகையில் திருத்தினேன். இப்போது பெயரை முதலில் சொல்வதில்லை. பூங்கொத்து, இலை, காய் மூன்றையும் மாணவர்கள் பார்த்து வரைந்த பிறகே பெயர். உங்கள் பள்ளித் தெருவிலும் செய்து பாருங்கள்.