நில அதிர்வும் மண்ணின் இயல்பும்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நேர்ந்த பூகம்பத்தின் மையம் கட்ச் மாவட்டத்தில் இருந்தது. எனினும், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். சேதத்தை நிர்ணயிப்பது தொலைவு மட்டுமன்று என்பதற்கு இது சான்றாகும்.

அகமதாபாத், சபர்மதி ஆற்றின் ஆழமான வண்டல் படிவின்மீது அமைந்த நகரம். பாறையில் விரைந்து செல்லும் அதிர்வலைகள் மென்மண்ணை அடைந்ததும் வேகம் குறைகின்றன. அவற்றின் வீச்சோ பெருகுகிறது. மண்படிவும் கட்டடமும் ஆடும் கால அளவு ஒத்திருப்பின் ஆட்டம் பன்மடங்காகும். வாகனங்கள் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி விட்ட கட்டடங்கள் பல இதனைத் தாங்கவில்லை.

1985-இல் மெக்சிகோ நகரிலும் பழைய ஏரிப்படுகைப் பகுதியே பெரிதும் அழிந்தது. அதே நகரின் கெட்டிநிலப் பகுதிகளில் சேதம் மிகக் குறைவு.

நில அதிர்வு மண்டலப் படம் பரந்த நிலப்பரப்புக்கு ஒரே மதிப்பைத் தருகிறது; மண்ணோ ஒரே நகருக்குள் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பின் 2002-ஆம் ஆண்டுப் பதிப்பு, மண்ணைக் கடினம், நடுத்தரம், மென்மை என வகுத்தது இதனாலேயே. ஆகவே, கட்டட அனுமதி வழங்கும் அலுவலர், துளையிட்டுச் செய்த மண் ஆய்வின் அறிக்கையைக் கோருதல் வேண்டும். அதற்காகும் செலவு கட்டடச் செலவில் ஒரு சிறு பகுதியே. இழந்த உயிரை மீட்கவோ எச்செலவும் போதாது.