மோட்டார் சைக்கிள் ஆசனம்: ஒரு கைத்தொழிற் பாடம்

காணியை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஏற்ற கைத்தொழில்கள் எவை என்று பேசும்போது தையல், தச்சு, மேசன் வேலை என்பவையே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. மோட்டார் சைக்கிளின் ஆசனத்தை, அதாவது சீற்றை, ஓட்டுபவரின் உடலுக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பதும் ஒரு தொழிலே. இந்தப் பாடத்தில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

குறையிலிருந்து பிறந்த தொழில்

தொழிற்சாலை ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான ஆசனங்களைச் செய்கிறது. நெடியவருக்கும் குள்ளமானவருக்கும் அதே ஆசனந்தான். அமெரிக்காவில் மைக் கோர்பின் என்பவர் தமது நோட்டன் மோட்டார் சைக்கிளுக்குத் தாமே ஓர் ஆசனம் செய்தார். கண்டவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். 1968இல் அதுவே அவரது தொழிலாயிற்று. பின்னர் கலிபோர்னியாவில் ஹொலிஸ்டர் என்னும் பட்டணத்தில் அவரது தொழிற்சாலை வளர்ந்தது. மின்சார வேலையிலும் அவர் வல்லவர். 1974இல் மின்சார மோட்டார் சைக்கிளொன்றை மணிக்கு ஏறத்தாழ 266 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிச் சாதனை செய்தார். ஆயினும் அவருக்கு நிலைத்த பிழைப்பைத் தந்தது ஆசனமே.

மூன்று பாகங்கள்

ஆசனத்துக்கு அடித்தட்டு, ஸ்பொஞ், மேலுறை என மூன்று பாகங்கள் உண்டு. தட்டு வண்டியின் சட்டத்தில் அசையாமல் பொருந்த வேண்டும். ஸ்பொஞ் உடற்பாரத்தைத் தாங்குகிறது. உறை மழையையும் வெயிலையும் தடுக்கிறது.

மென்மையான ஸ்பொஞ்தான் சுகம் என்று பலர் எண்ணுகிறார்கள். கடையில் இருந்து பார்க்கும்போது அது மெத்தென்றிருக்கும். ஒரு மணி நேரம் ஓடியதும் நசுங்கி, எலும்பு தட்டில் முட்டும். அடர்த்தியான ஸ்பொஞ் முதலில் கடினமாகத் தோன்றினாலும் பாரத்தை அகலமாகப் பரப்பி நெடுநேரம் தாங்கும். ஆசனம் இருக்குமிடத்தில் அகன்றும், கால் நிலத்தில் ஊன்றுமிடத்தில் ஒடுங்கியும் இருக்க வேண்டும்.

செய்யும் முறை

1. முதலில் கேளுங்கள். எவ்வளவு தூரம் ஓடுகிறார்? பின்னால் ஆள் ஏறுவாரா, மூட்டை ஏறுமா? கால் நிலத்தில் எட்டுகிறதா? எங்கே நோகிறது?

2. அவரை வண்டியில் இருத்தி, அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். பழைய உறையைக் கவனமாகக் கழற்றுங்கள். அதுவே புதிய உறைக்கு அளவு.

3. நைந்த ஸ்பொஞ்சை வெட்டி எடுத்து, அடர்த்தியான துண்டைப் பசையால் ஒட்டி, உரசி வடிவாக்குங்கள். உயரத்தைக் குறைக்க வேண்டுமாயின் சிறிது சிறிதாக வெட்டுங்கள்.

4. உறை போடுமுன் அவரை மீண்டும் இருத்திப் பாருங்கள். திருத்துவதற்கு இதுவே நேரம்.

5. ரெக்சினை வெட்டும்போது தையலுக்கு ஓரம் விடுங்கள். தடித்த ஊசியும் நைலோன் நூலும் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் உக்கும். இருக்குமிடத்தின் நடுவில் தையல் வராமல் பாருங்கள். ஊசித் துளைவழியே நீர் இறங்கினால் ஸ்பொஞ் ஊறிவிடும்.

6. ரெக்சினைச் சற்று வெயிலில் வைத்தால் இளகும். முன்னும் பின்னும் இழுத்துப் பொருத்திய பின்னரே பக்கங்களை இழுங்கள். அப்போது சுருக்கம் விழாது.

அவதானிக்க வேண்டியவை

கடன்பட்டுப் பெரிய இயந்திரம் வாங்கித் தொடங்க வேண்டாம். கிழிந்த உறையை மாற்றும் வேலையோடு ஆரம்பியுங்கள். பொருட்செலவையும் கூலியையும் கொப்பியில் வெவ்வேறாக எழுதுங்கள். வீட்டுத் தையல் மெசின் தடித்த ரெக்சினின் பல மடிப்புகளைத் தாங்காது. தைக்கும் வேலையை மட்டும் பெரிய மெசின் உள்ளவரிடம் கூலிக்குக் கொடுக்கலாம்.

கைத்தொழில் கற்பது காணியைக் கைவிடுவதாகாது. உறுதியைப் பத்திரமாக வைத்திருப்போம். திரும்பிச் செல்லும் உரிமையைத் தொடர்ந்து கேட்போம். இடம்பெயரும்போது வயலைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. கற்ற வேலையோ நாம் போகுமிடமெல்லாம் கூடவே வரும். ஊர் திரும்பிய பின், அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையிலான மாதங்களிலும் அது கைகொடுக்கும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியிருப்பில் தையல் தெரிந்தவர் யார்? தச்சு தெரிந்தவர் யார்? இருவரும் சேர்ந்து என்ன செய்யலாம்?

2. இங்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு ஆசனத்தில் உள்ள குறை என்ன? ஐந்து பேரிடமாவது கேட்டு வாருங்கள்.

3. ஓர் உறை மாற்ற என்ன செலவாகும்? நியாயமான கூலி எவ்வளவு?