பனி அல்ல, பசி

எங்கள் வெள்ளாடு நிறைசினை. வயிற்றில் இரண்டு குட்டி என்கிறார்கள். நேற்றிலிருந்து தீவனத்தைத் தொடவில்லை, ஒதுங்கியே நிற்கிறது. பனி ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, பூம்பாறை

பனிமேல் பழி போடாதீர்கள். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். குட்டி மளமளவென்று வளர்வது கடைசி ஆறு வாரத்தில்தான். இரட்டைக் குட்டி இரைப்பையை நெருக்க, தாய் தின்பது குறையும். குட்டிகளோ அவள் ரத்தத்துக் குளுக்கோஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈடுகட்ட உடம்புக் கொழுப்பு கரைந்து, ரத்தத்தில் கீட்டோன் ஏறும். மூச்சை முகர்ந்து பாருங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை அடித்தால் சந்தேகமே வேண்டாம். கொழுகொழு ஆட்டுக்கும் இந்தக் கீட்டோன் கோளாறு வரும்! தெம்புக்கென்று அரிசிக்கஞ்சியை ஊற்றாதீர்கள், வயிறு புளித்துவிடும். குட்டி போட்டால் சரியாகிவிடும் என்றும் காத்திருக்காதீர்கள். இன்றே கால்நடை மருத்துவ உதவி எண் 1962-ஐ அழைத்து மருத்துவரை வரவழையுங்கள்.